வழித்துணை

தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரம் மனிதப் படைப்பை எடுத்துரைக்கும் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. 7-ஆம் வசனத்தில் ஆண்டவர் நிலத்து மண்ணால் மனிதனை உருவாக்கி, அவனுடைய நாசிகளில் உயிர்மூச்சை ஊதுகின்றார். அங்கே 'உருவாக்கினார்' என்பதற்கு ஆளப்பட்டுள்ள எபிரேயச் சொல், குயவன் மண்ணை வனைவதற்கும் வழங்கும் சொல்லாகும். 15-ஆம் வசனத்தில் அம்மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தும் பணியை அவனிடம் ஒப்படைக்கின்றார். 18-ஆம் வசனத்திலேதான், அவன் தனியனாய் இருப்பது நல்லதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று இறைவன் கருதுவதாக வருகிறது. முதலில் மூச்சு, பின்னர் உழைப்பு, அதன் பின்னர் துணை. நூலாசிரியர் இந்த வரிசையைத் திட்டமிட்டே அமைத்தாரா என்பது விவிலிய அறிஞர்களின் ஆய்வுக்குரியது. ஆனால் நுரையீரல் நோயாளி ஒருவரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்து வந்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும்: இம்மூன்றும் எந்த வரிசையில் வந்தனவோ, அதே வரிசையில் அவரை விட்டு நீங்குகின்றன.

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ரயில் சந்திப்பும் நினைவுக்கு வரும். ஆயின் இது மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் ஊரும் ஆகும். பழைய வீடுகளின் மின்பலகையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கார்த்திகைக்கு ஏற்றும் பீங்கான் அகல் எனப் பலவும் இவ்வூர்த் தொழிற்பேட்டையிலிருந்து வெளியூர்களுக்குச் சென்றவை. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுப் பயிலகமும் இங்குண்டு. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே களிமண் படிந்து கிடக்கிறது. களிமண்ணோடு வெங்கச்சாங்கல் தூளையும் ஃபெல்ட்ஸ்பார் தூளையும் சேர்த்தரைத்து, குழம்பாக்கி, அச்சில் ஊற்றி, உலர்த்தி, ஓரம் சீவி, சூளையில் இட்டால் பீங்கான் பிறக்கிறது.

ஈர மண் யார் மூச்சையும் பறிப்பதில்லை. தீங்கு செய்வது காய்ந்த மண். கல்தூளை மூட்டையிலிருந்து அரவை உருளையில் கொட்டும் வேளையிலும், உலர்ந்த பொருளின் பிசிறைச் சீவும் வேளையிலும், சிந்திக் காய்ந்த குழம்பை மாலையில் துடைப்பத்தால் பெருக்கும் வேளையிலும் தூசு எழுகிறது. கண்ணுக்குப் புலனாகும் தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறிட்டால் வரும் ஒரு கூற்றினும் நுண்ணிய துகளோ நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடுகிறது. அதை விழுங்கி அகற்ற முயலும் உடலின் காவல் அணுக்கள் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. இதற்கே சிலிக்கோசிஸ் என்று பெயர். வேலையை விட்ட பின்னரும் இது வளரக்கூடும்; காசநோய்க்கும் வழி திறந்துவிடும். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலாளர்கள் இதனைக் 'குயவர் அழுகல்' என்ற பொருள்பட அழைத்தனர். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. அறிவிக்க வேண்டுமானால் முதலில் அடையாளம் காண வேண்டுமே! நோயாளியிடம் அவருடைய தொழில் யாதெனக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமட்சினி 1700-இல் வெளியிட்ட தம் நூலில் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அக்கேள்வி எல்லா இடங்களிலும் கேட்கப்படுவதில்லை.

தூசு மட்டுமே காரணம் எனக் கூறுதல் நேர்மையாகாது. பீடியும் சிகரெட்டும் உண்டு. ஆயுள் முழுதும் விறகடுப்பின் முன் அமர்ந்து, ஒரு பீடியையும் தொடாமலேயே நுரையீரலை இழந்த தாய்மார்கள் நம் சிற்றூர்களில் ஏராளம். மருத்துவர்கள் 'நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என அழைப்பதை நம் மக்கள் இளைப்பு என்றும் இழுப்பு என்றும் சொல்லி முடித்துவிடுவர். உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2021-இல் மட்டும் 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். 70 வயதுக்குள் இறப்பவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். எண்ணிக்கை இவ்வளவு பெரிதாயினும், நம் பங்குகளில் இந்நோயாளிகளை நாம் அதிகம் காண்பதில்லை. ஏன் காண்பதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் போவது மூச்சு. ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் அது தெரியவரும். நேற்றுவரை ஒரே மூச்சில் ஏறியவர் நடுவில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பவர் போலத் தண்டவாளத்தைப் பார்க்கிறார். அடுத்துப் போவது உழைப்பு. மூட்டை தூக்க இயலாதவரைச் சீவும் வேலைக்கு மாற்றுவர், அங்கும் தூசுதான். பிறகு வேலையே இல்லை. ஊதியம் நின்றுபோவதைக் குடும்பம் உடனே உணர்ந்துவிடும். அதனோடு நின்றுபோகும் வேறொன்று கணக்கில் ஏறுவதேயில்லை. காலை எட்டு மணிக்கு ஒருவர் தமக்காகக் காத்திருக்கிறார், தாம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார் என்ற நிலையே அது.

மூன்றாவதாகத் துணை போகிறது. அது ஒரே நாளில் போவதில்லை, எவரும் விரட்டுவதுமில்லை. மூச்சிரைப்பவரால் நடந்துகொண்டே பேச இயலாது. ஒரு வாக்கியத்துக்கும் ஓரடிக்கும் சேர்த்துச் செலவிட அவரிடம் காற்று இல்லை. உடன் வருபவர் கேள்வி கேட்கிறார், இவர் விடை சொல்வதில்லை, 'கோபமோ?' என்று அவர் எண்ணிக்கொள்கிறார். தேநீர்க் கடைக்கு நண்பர்கள் நான்கு பேராகப் புறப்பட்டால், மூவர் முன்னே சென்றுவிட இவர் பின்தங்குகிறார். அவர்கள் திரும்பிப் பார்த்து நிற்பது இவருக்குக் கூச்சம்; நிற்காமல் போனாலோ வருத்தம். நான்காம் நாள், வேலை இருப்பதாகச் சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறார். இருமலும் சளியும் இருப்பதால், காசநோயோ என்று அஞ்சி டம்ளரைத் தனியே எடுத்து வைக்கும் வீடுகளும் உண்டு. பீடி குடித்தவராயின் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிடும்: தானே தேடிக்கொண்டது! சர்க்கரை நோயாளியிடம் அவர் உண்ட இனிப்புக்கு நாம் கணக்குக் கேட்பதில்லை. இவரிடம் மட்டும் கேட்கிறோம்.

நம் ஆலயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூபப் புகை இறைவனை நோக்கி எழுகிறது என்பது நம் வழிபாட்டின் அழகிய அடையாளம். இளைப்பு நோயாளிக்கோ அது கதவருகே இடம் தேட வைக்கும் புகை. முழந்தாளிட்டு எழுவது, நெடுநேரம் நிற்பது, பாடலில் சேர்ந்துகொள்வது, தேர்ப்பவனியில் நடப்பது ஆகிய யாவும் மூச்சைக் கேட்பவை. அவர் கடைசி வரிசையில், வாயிலை ஒட்டி அமர்கிறார். தாமதமாக வருபவர் என்றும் பக்தி குறைந்தவர் என்றும் பெயர் பெறுகிறார். சில மாதங்களில் அந்தக் கடைசி இடமும் காலியாகிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். அங்கே அன்பு இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் உண்மையாகவே இருக்கிறது. 'அப்பா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்' என்கிறாள் மகள். தண்ணீர் கட்டிலுக்கே வருகிறது. செய்தித்தாளும் மருந்தும் கட்டிலுக்கே வருகின்றன. கடைக்குப் போகப் பேரன் இருக்கிறான். கொல்லைப்புறம் வரை நடந்தாலே 'எதுக்குப் போறீங்க?' என்ற அதட்டல் எழுகிறது. எழும்பினால் மூச்சிரைக்கும், மூச்சிரைத்தால் ஆபத்து, ஆகவே எழும்பக் கூடாது என்பதே அந்த அன்பின் தருக்கம். இதில் ஒரு சொல்லும் தீய எண்ணத்தால் பிறந்ததன்று. ஆனாலும் இந்த அன்பு நோயாளியைக் கட்டிலோடு பிணைக்கிறது.

இது குறித்து மருத்துவம் தன் கருத்தை முழுவதுமாக மாற்றிக்கொண்டுள்ளது. முற்காலத்தில் மருத்துவர்களும் ஓய்வையே பரிந்துரைத்தனர். 1960-களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் பெட்டியும் அவருடைய குழுவினரும் இத்தகைய நோயாளிகளை முறையாக நடக்கப் பழக்கினர். அன்று தொடங்கிய வழி இன்று 'நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி' எனப்படுகிறது. அதன் அடிப்படை எளியது. நடக்காத காலின் தசை மெலிகிறது. மெலிந்த தசை அதே பத்தடிக்கு முன்னிலும் மிகுதியான காற்றைக் கேட்கிறது. எனவே முன்னிலும் மிகுதியாக இரைக்கிறது. இரைப்பதால் இன்னும் குறைவாக நடக்கிறார். தசை மேலும் மெலிகிறது. பயிற்சி நுரையீரலைச் சீராக்குவதில்லை. தழும்பு தழும்பாகவே இருக்கும். ஆனால் வலுப்பெற்ற கால் குறைந்த காற்றோடு வேலை செய்யக் கற்றுக்கொள்கிறது. 3,822 பேர் பங்கேற்ற 65 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் காக்ரேன் குழுவினர் மதிப்பிட்டபோது, அடைப்பு நோயாளிகளுக்கு இப்பயிற்சி மூச்சுத்திணறலைக் குறைத்து வாழ்வை மேம்படுத்துகிறது என்பதை மெய்ப்பிக்க இனியும் ஓர் ஆய்வு தேவையில்லை என்னும் அளவுக்குச் சான்று திரண்டிருந்தது. நமது மாநிலத்தில் 2021-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் இல்லம் தேடி வருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவர்களே அளந்து கூற வேண்டும். நான் கூறுவது மருத்துவ ஆலோசனையன்று.

நடப்பது நல்லது என்று தெரிந்த பின்னரும் பலர் ஏன் நடப்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்நோயாளிகளுள் பிறரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் தனியே வாழ்ந்தவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 அடிகள் கூடுதலாக நடந்தனர். அதே ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. அங்கே கூடுதலாக நடந்த நோயாளிகள் யாரெனப் பார்த்தால், பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்பவர்களும் நாயை உலாவ அழைத்துச் செல்பவர்களும்! நுரையீரலின் நலம் கருதி நடக்காதவர், பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நடக்கிறார். அந்தச் சிறுமி வாயிலில் நிற்பாள் என்பது அவருடைய காலுக்கு வலிமை தருகிறது. நம் வீடுகளிலோ பெரியவர் நோயுற்றதும் முதலில் அவரிடமிருந்து விலக்கப்படும் பொறுப்பு அதுவே. 'தாத்தாவால் முடியாது' என்று பள்ளிக்கு ஆட்டோ ஏற்பாடாகிவிடும்.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் முதியோரிடையே நிகழ்ந்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, தனியே வாழ்பவர்களும் சமூக நடவடிக்கைகளிலிருந்து விலகியவர்களும் சுவாச நோயால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மிகுதி என்று கண்டது. தனிமையாக உணர்வது என்னும் மனநிலை மட்டும் அந்த வேறுபாட்டை உண்டாக்கவில்லை. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். தனிமையைப் பற்றிய நம் மறையுரைகள் பெரும்பாலும் உணர்வைப் பற்றியவை. இறைவன் உடனிருக்கிறார், கலங்காதீர் என்று முடிபவை. உண்மைதான். ஆயினும் கதவைத் தட்டும் ஒரு கைக்கு ஈடாக அந்த ஆறுதல் மொழியை நாம் கொடுத்துவிடலாகாது.

தமிழில் 'துணை' என்ற சொல் உதவியையும் குறிக்கும், உடனிருப்பையும் குறிக்கும். நாம் நோயாளிகளுக்கு முதலாவது பொருளில் துணையாயிருக்கிறோம். இரண்டாவது பொருள் நழுவிவிடுகிறது. குருமடத்தில் புனித தோமா அக்குவினாரின் இறையியல் தொகுப்பைப் பயின்ற காலத்தில், துயரத்தைத் தணிக்கும் வழிகளைப் பற்றிய பகுதி எங்களுக்கு வியப்பூட்டியது. உறக்கத்தையும் குளியலையும்கூட அவ்வறிஞர் அப்பட்டியலில் சேர்த்திருக்கிறார்! நண்பர் உடன் வருந்துவதால் துயரம் ஏன் தணிகிறது என்பதற்கு அவர் இரு காரணங்களைத் தருகிறார். ஒன்று, துயரம் சுமை போன்றது. பிறர் உடன் வருந்தும்போது சுமையைப் பகிர்ந்து தூக்குவது போன்ற எண்ணம் பிறக்கிறது. மற்றொன்று, தாம் அன்பு செய்யப்படுவதைத் துயருறுபவர் அதனால் உணர்கிறார்; அவ்வுணர்வு இனிமை தருகிறது. இரண்டாவதே சிறந்த காரணம் என்பது அவருடைய முடிவு. மூச்சிரைப்பவர் விஷயத்தில் இதன் உண்மை முழுதாய் விளங்குகிறது. ஒருவர் மூட்டையை மற்றவர் தூக்கலாம். ஒருவருக்காக மற்றவர் மூச்சு விட முடியாது. சுமையைப் பகிர முடியாத இடத்தில் எஞ்சி நிற்பது அந்த இரண்டாவது காரணம் ஒன்றே.

இந்நோயாளிகளின் ஆற்றலை அளக்க மருத்துவர்கள் ஆறு நிமிட நடைச் சோதனை ஒன்றைச் செய்கின்றனர். 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் நோயாளி ஆறு நிமிடங்களில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்று பார்ப்பர். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002-இல் வகுத்த நெறிமுறையில் ஒரு கட்டளை உண்டு: சோதிப்பவர் நோயாளியோடு சேர்ந்து நடக்கக் கூடாது. உடன் நடப்பவரின் வேகம் நோயாளியின் வேகத்தை மாற்றிவிடும் என்பதே காரணம். அளவு பிழைபடாதிருக்க அவர் தனியே நடந்தாக வேண்டும். சோதனைக்கூடத்துக்கு இது சரியே. ஆனால் அந்தக் கட்டளை தற்செயலாக ஓர் ஆழமான உண்மையையும் ஒப்புக்கொள்கிறது. உடன் ஒருவர் நடந்தால் மனிதனின் நடை மாறிவிடுகிறது. எனவே எவ்வாறு உடன் நடப்பது என்பது ஒழுக்கவியலின் கேள்வியும் ஆகிறது. வேகமாக நடப்பவர் நற்செயல் புரிவதாக எண்ணிக்கொண்டே நோயாளியைத் துன்புறுத்தக்கூடும். கைத்தாங்கலாகப் பிடிப்பது பல வேளைகளில் தேவையற்றது. அவருக்கு வேண்டியது சுவரில் சாய்ந்து நிற்கவும், உதட்டைக் குவித்துச் சூடான காபியை ஊதுவது போல மெல்ல மூச்சை வெளிவிடவும் கொஞ்சம் நேரம். அந்நேரத்தில் பேச்சுக் கொடாதிருத்தல் பேருதவி. தெருவில் நின்றதற்கு ஒரு காரணம் கற்பித்து, அவரோடு சேர்ந்து ஒரு கட்டடத்தையோ மரத்தையோ பார்த்து நிற்பவர் நாகரிகமறிந்தவர். நம் பெரியோர் இதனை இங்கிதம் என்றனர்.

இங்கே இரு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது கனமானது. துணையைப் பற்றி இவ்வளவு பேசுவது, தூசியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கும் வழியாகாதா? ஆகும். பாதிரியார்களும் தொண்டர்களும் நோயாளியைக் கைப்பிடித்து நடத்திச் செல்ல, பட்டறைத் தரை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கப்பட்டுக்கொண்டேயிருந்தால், அது இரக்கத்தின் பெயரால் நீதியை மறப்பதாகும். தரையை நனைத்துத் துடைத்தல், தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றுதல், ஆண்டுதோறும் மார்புச் சோதனை செய்தல் ஆகியவற்றில் புதிரெதுவும் இல்லை. ராஜஸ்தான் மாநிலம் 2019-இல் சிலிக்கோசிஸ் உள்ளிட்ட தூசு நோய்களுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நோய்த்தடுப்பும் இழப்பீடும் தொழிலாளரின் உரிமை. நம் துணை அவற்றுக்கு மாற்றாகாது. அவ்வாறே, நடைப்பயிற்சியின் சிறப்பைக் கேட்டுவிட்டு, 'நடக்காததால்தான் இப்படி ஆனீர்' என்று நோயாளியின் மீதே பழி போடுவதும் கொடுமை. அவர் நடக்காததில் நமக்கும் பங்குண்டு.

இரண்டாவது மறுப்பு: தனித்திருப்பது தீதா? துறவியர் தேடிச் சென்றதும் தனிமையைத்தானே? ஆண்டவர் இயேசுவும் மலைக்குத் தனியே சென்றாரே? தமிழில் 'தனிமை' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதால் வரும் குழப்பம் இது. ஒருவர் தாமே கதவைச் சாத்திக்கொள்வதற்கும், திறந்த கதவின் வழியே எவரும் வராதிருப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. மலைக்குச் சென்றவர் இறங்கி வருவதற்கும் வலிமையுள்ளவராய் இருந்தார்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் பெத்சதா குளத்து மனிதரை இவ்விடத்தில் நினைவுகூரலாம். 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவர் அவர். நலம்பெற விருப்பமா என்று இயேசு வினவுகின்றார். 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ அவர் விடை பகரவில்லை. குளத்து நீர் கலங்கும்போது தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதையும், தாம் போய்ச் சேர்வதற்குள் வேறொருவர் முந்திவிடுவதையுமே சொல்லுகின்றார். கேட்டது நோயைப் பற்றி; சொன்னது தனிமையையும் வேகத்தையும் பற்றி. உரையாசிரியர்கள் சிலர் அவரைக் குறைகூறுபவர் என்றும் உறுதியற்றவர் என்றும் கடிந்துள்ளனர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் தம் நோயைச் சரியாகவே கண்டறிந்து கூறினார் என்றே கொள்கிறேன். இயேசுவும் அவரைக் குளத்துக்குத் தூக்கிச் செல்லவில்லை. எழுந்து, தம் படுக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு நடக்கும்படி பணித்தார்.

நுரையீரல் நோயோடு நடந்த ஒரு புனிதையும் நமக்குண்டு. குழந்தை இயேசுவின் தெரசா 1897-இல், 24-ஆம் வயதில் காசநோயால் இறந்தார். அவ்வாண்டின் மே மாதத்தில், தோட்டத்தில் தினமும் சிறிது நேரம் நடக்குமாறு நோயாளர் பணியில் இருந்த சகோதரி கூறியிருந்தார். ஒவ்வோர் அடியும் வேதனை. அதைக் கண்ட மற்றொரு சகோதரி, இளைப்பாறுவது மேலன்றோ என்று பரிவுடன் சொன்னபோது, எங்கோ தொலைவில் களைத்துப்போயிருக்கும் மறைப்பணியாளர் ஒருவருக்காகத் தாம் நடப்பதாகத் தெரசா பதிலளித்ததாகக் குறித்துள்ளனர். அடைபட்ட மடத்துக்குள் வாழ்ந்த அவரை 1927-இல் திருச்சபை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தது. இதைப் பக்தி நிகழ்ச்சியாக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். பார்சிலோனாவில் பேரப்பிள்ளைக்காக நடந்த தாத்தாவும் லிசியே நகரில் மறைப்பணியாளருக்காக நடந்த தெரசாவும் ஒன்றையே செய்தனர்: இன்னொருவரை மனத்திற்கொண்டு காலை எடுத்து வைத்தனர்.

அண்மைக் காலத்தில் நாம் அனைவரும் பார்த்த ஒன்றும் உண்டு. 2024-ஆம் ஆண்டின் உலக நோயாளர் நாள் செய்திக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட மையக்கருத்து, தொடக்க நூலின் அந்த 18-ஆம் வசனமே. இளமையில், 1957-இல், அவருடைய நுரையீரலின் ஒரு பகுதி அறுவை செய்து அகற்றப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரி 14 முதல் மார்ச் 23 வரை நிமோனியாவினால் மருத்துவமனையில் இருந்தார். குறைந்தது இரு மாதங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறியனுப்பினர். ஏப்ரல் 20, உயிர்ப்புப் பெருவிழா அன்று, அவர் திறந்த வண்டியில் புனித பேதுரு சதுக்கத்து மக்களிடையே சுற்றி வந்தார். மறுநாள் காலை இறந்தார். இறப்புக்குக் காரணம் மூளையில் ஏற்பட்ட பக்கவாதம் என்று அறிவிக்கப்பட்டது. அவர் வெளியே வந்தது முறையா என்று அந்நாட்களில் நம்மிடையே வாதிட்டவர்கள் உண்டு. மருத்துவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பது நம் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், மூச்சு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது மட்டுமே ஒரு நோயாளியின் கேள்வி அன்று. அந்த மூச்சை யாரிடையே செலவிடுவது என்பதும் அவர் கேட்கும் கேள்விதான்.

பங்குத்தந்தையருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைச் சிக்கல் பிறக்கிறது. நோயாளிகளுக்கு இல்லத்துக்கே நற்கருணை கொண்டுசெல்வது தொன்மையான, உயர்ந்த மரபு. நடமாட இயலாதவருக்கு அது வானக விருந்து. ஆனால் அரைகுறையாக நடக்க முடிந்தவரின் பெயரை அப்பட்டியலில் சேர்த்துவிடும்போது, நாமும் அந்த மகளைப் போலவே 'உட்காருங்கள்' என்று கூறிவிடுகிறோமோ? பட்டியலில் சேர்ந்த பெயர் திரும்பி வருவது அரிது. அவர் இல்லாத ஆலயத்துக்கு மக்கள் விரைவில் பழகிக்கொள்கின்றனர்.

நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்து இளைப்பு வந்த ஒரு மூதாட்டியிடம், அடுத்த மாதம் முதல் வீட்டுக்கே நற்கருணை வரும் என்று பங்கின் அன்பர் ஒருவர் தெரிவித்தார். அம்மூதாட்டி என்னிடம் வந்து முறையிட்டார். 'வீட்டுக்கு நன்மை கொண்டாராதீங்க சாமி. கொண்டாந்தீங்கன்னா அப்புறம் நான் தெருவையே பாக்கமாட்டேன்.' இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் வீட்டிலிருந்து ஆலயத்துக்குப் பிறருக்கு ஏழெட்டு நிமிட நடை. ஞாயிறு ஆறு மணித் திருப்பலிக்கு அவர் ஐந்து மணிக்கே புறப்படுகிறார். அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்தி, நான்காம் வகுப்புப் படிப்பவள், ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தூக்கிக்கொண்டு உடன் வருகிறாள். மின்கம்பத்தருகே ஒரு முறை, ரேஷன் கடைத் திண்ணையருகே ஒரு முறை என முக்காலி கீழே வைக்கப்படும். மூதாட்டி பெரும்பாலும் அதில் அமர்வதில்லை. அமர்ந்தால் எழுவது கடினம் என்று சுவரில் கையூன்றி நின்றுகொள்கிறார். முக்காலியில் சிறுமிதான் உட்கார்ந்துகொள்கிறாள். பாட்டி 'போலாம்' என்று சைகை காட்டும்வரை தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு, காலை ஆட்டியபடி.